உட்துறைமுகத்தை யாரும் பிடிக்கவில்லை

1

போன வியாழக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். இந்த நான்கு வருடத்தில் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்கள் ஐம்பத்தொன்று. இதையெல்லாம் யார் எண்ணுவார்கள் என்று கேட்பீர்கள். குடிவரவுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது; எண்ணித்தான் நிரப்ப வேண்டும்.

நான் கனடாவில், வின்னிபெக் நகரத்தில் இருக்கிறேன். ஒரு ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. என்னோடு அப்பாவும் மூன்று வயது மகளும் இருக்கிறார்கள். அவர் திருகோணமலையில், கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை துறைமுக வாசலில் அனுமதி அட்டையைக் காட்டி உள்ளே போய், கப்பல் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார். அந்த அட்டை இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

நாங்கள் இருவரும் விளையாடிய ஒரு பழைய கணினி விளையாட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவரை இங்கே கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பத்தை அது ஏறக்குறையக் கவிழ்த்துவிட்டது. ஊரில் இதை வாசிக்கிறவர்களில் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேருவதற்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேனா, என் மனம் ஆறட்டும் என்று எழுதுகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. யாருடைய பெயரையும் எழுதவில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

2

கல்யாணம் முடிந்த கையோடு இருபத்துநான்கு நாட்கள் அவருடைய வீட்டில் இருந்தேன். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வீடு. பாதி நாட்கள் விருந்தில் போயின. கிளிவெட்டியில் ஒரு மாமி வீடு, நிலாவெளியில் ஒரு சித்தப்பா வீடு என்று நீண்ட வரிசை. எந்த வீட்டிலும் எங்களை இரண்டு கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டு, எல்லோரும் எங்களைப் பற்றிக் கதைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு விருந்து இல்லை என்றானதும் என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் அலுமாரியிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்தார்.

“சின்னப் பிள்ளையளின்ட விளையாட்டு. சிரிக்கப்படாது.”

நான் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வயது மாப்பிள்ளை ரோபோ விளையாடுகிறார் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

மண் நிறத் திரை. தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள். அவற்றின்மேல் பத்து மாடி உயர ரோபோக்கள் நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஓட்டுநர் இருப்பதாகக் கணக்கு. சுட்டால் ரோபோவுக்குச் சூடேறும். சூடு மிஞ்சினால் நின்றுவிடும். தண்ணீருக்குள் இறக்கினால் ஆறும். ஒரு முறை நான் நகர்த்தினால் அடுத்த முறை அவர். அவசரமே இல்லை. ஒரு நகர்வுக்கு ஒரு நாள் எடுத்தாலும் ரோபோக்கள் அப்படியே நிற்கும். எதையும் உடனே முடிவெடுக்கத் தெரியாத எனக்கு அந்த ஒன்று பிடித்துப்போனது.

அந்த விளையாட்டில் நாங்களே நிலப்படம் வரையலாம். அவர் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் படித்த காலத்தில் திருகோணமலையை வரைந்து வைத்திருந்தார். உவர்மலை, சாம்பல்தீவு, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், கிண்ணியாப் பாலம் எல்லாம் இருந்தன. துறைமுகத்தின் ஆழம்கூட அளந்து வைத்ததுபோல் சரியாக இருந்தது. கோணேசர் மலையை மட்டும் எவராலும் ஏற முடியாத பாறையாக வைத்திருந்தார்.

“அங்க அடிபடப்படாது,” என்றார்.

கடற்படைத் தளம் இருக்கும் இடத்தில் வெறும் காடு.

“அங்கயும் அடிபடப்படாது.”

உட்துறைமுகத்தில் ஒரு குறிப்பிட்ட கட்டம். அதில் ஏறித் தொடர்ந்து மூன்று முறை நிற்பவர் வென்றவர். அவ்வளவுதான் ஆட்டம். ஆளுக்கு நான்கு ரோபோ. அவருடையவை நீலம். கிரேன், லொறி, பார்ஜ், பவுசர் என்று துறைமுகத்தில் பார்க்கிறவற்றின் பெயர்களை வைத்திருந்தார். என்னுடையவை சிவப்பு. அந்தக் கிழமை முழுக்க அவருடைய சொந்தக்காரரின் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். அதனால் பெரிய மாமி, சின்ன மாமி, கிளிவெட்டி மாமி, லண்டன் மாமி என்று வைத்தேன். அவர் சத்தம் வராமல் குனிந்து சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

3

நான் திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்போம். அந்தக் கதை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவருடைய அம்மாவான மாமியும் மச்சாளும், இந்தப் பக்கம் அப்பா. மாமிக்குப் பின்னால் அவர் தோளும் பாதி முகமுமாக நிற்பார். “சாப்பிட்டாச்சா?” “ஓம்.” “பிள்ளை நித்திரையா?” “ஓம்.” அத்தோடு மாமி தொலைபேசியை வாங்கிக்கொள்வா.

ஆகவே எங்கள் கதையெல்லாம் ஆட்டத்துக்குள் போய்விட்டது. அவர் விடியற்காலை தன் முறையை ஆடி, ஆட்டம் நிற்கும் நிலையைக் கணினிக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புவார். எனக்கு அது பின்னேரம், சமைத்துக்கொண்டு குசினியில் நிற்கும் நேரம். நான் அடுத்த நாள் மகள் எழும்புவதற்கு முன் என் முறையை ஆடித் திருப்பி அனுப்புவேன். கோப்போடு ஒரு வரி, இரண்டு வரி எழுதுவோம். மகள் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான், பிறந்த பிறகும் அப்படித்தான். அவளுக்குப் பத்து மாதமானபோது ஒரு தடவை ஊருக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு போகக் கிடைக்கவில்லை.

அவளுக்கு அப்பா என்றால் நீலம். வீடியோவில் தெரியும் மனிதரிடம் கதைக்க வெட்கப்படுவாள். திரையில் நீல ரோபோ நகர்ந்தால் “அப்பா வந்திட்டார்” என்பாள். பாலர் வகுப்பில் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். என்னையும் தாத்தாவையும் வரைந்துவிட்டு, பக்கத்தில் பெரிய நீலப் பெட்டி ஒன்றுக்குக் கைகால் வைத்திருந்தாள். ஆசிரியை அந்தத் தாளை என்னிடம் தந்து, வீட்டில் எல்லாம் சரிதானே என்று மெதுவாகக் கேட்டா. சரி என்றேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், என் குரல் சரியாக வந்ததா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

4

போன ஒக்டோபரில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் திருமணம் உண்மையானது என்பதற்கு, பிரிந்திருந்த காலம் முழுவதற்கும் தொடர்புச் சான்று வேண்டும். வேறு மொழியில் இருந்தால் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தோடு வேண்டும். முப்பது நாள் தவணை.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தொலைபேசி அழைப்பை நிரூபிப்பதுதான் கஷ்டம். என்னிடம் எண்ணூறு மின்னஞ்சல்களுக்கு மேல் இருக்கின்றனவே. திரும்பி ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் அவ்வளவையும் அச்செடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். என் பிழை அதுதான். மொழிபெயர்ப்பாளர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே எல்லோருக்கும் மாஸ்டர்.

மூன்றாம் நாள் நேரில் வரச் சொன்னார்.

“கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ, பிள்ளை.”

தாள்களில் பச்சை மையால் கோடு இழுத்திருந்தார். முதலாவதை எடுத்து வாசித்தார். “பெரிய மாமியின்ட வலது கையைக் கழட்டிட்டன். நாளைக்கும் துறைமுகப் பக்கம் வந்தாவெண்டால் காலையும் எடுப்பன்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்த மாமி இப்ப எங்க?”

“அது ரோபோ, மாஸ்டர்.”

“எது?”

“பெரிய மாமி.”

அடுத்த தாளை எடுத்தார். “சாம்பல்தீவில ரெண்டு பேர் முடிஞ்சுது. உவர்மலையில ஒளிச்சு நிண்டு அடிச்சனான். எண்ணெய்த் தாங்கிக்குக் கிட்ட வராதையும், பத்தும்.” தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இவர் எந்த இயக்கம், பிள்ளை?”

“அவர் கிளாக், மாஸ்டர். கப்பல் கந்தோரில.”

“கப்பல் கந்தோரில,” என்று அவர் திருப்பிச் சொன்னார். அவருடைய வாயில் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

விளையாட்டைப் பற்றி விளங்கப்படுத்தினேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் நம்பி என்ன? நான்கு வருடமாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், திருகோணமலைத் துறைமுகத்தை எப்படிப் பிடிப்பது என்று ஒரு தமிழ் ஆள் வெளிநாட்டில் இருக்கும் மனைவிக்கு எழுதியிருக்கிறார். அந்த ஆள் துறைமுகத்துக்குள் போய்வரும் அனுமதி அட்டை வைத்திருக்கிறார். மனைவியும் பதிலுக்கு, பாலத்தை உடைத்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறாள். இவ்வளவு காலமும் இதில் ஒரு வரிகூட எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மாஸ்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். தான் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஆனால் எந்தத் தாளைத் தருவது என்பது என் பொறுப்பு.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். சண்டை இல்லாத மின்னஞ்சல்கள் முப்பத்தெட்டு. அதில் பாதி, கரண்ட் போய்விட்டது, நாளைக்கு அனுப்புகிறேன் என்பவை. அதை மட்டும் கொடுத்தால், நான்கு வருடத்தில் மனைவியோடு மின்வெட்டைப் பற்றி மட்டுமே கதைத்த ஒரு கணவர் அகப்படுவார்.

5

அப்பா யோசிக்கவே இல்லை. “எல்லாத்தையும் அழி,” என்றார்.

அப்பா அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஆமியின் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்ட ஒருநாள், அவர் தன்னுடைய பள்ளிக்கூடப் படங்களைப் பின்வளவில் போட்டு எரித்தவர். முப்பது பேர் நின்ற படத்தில் பிறகு இயக்கத்துக்குப் போன இரண்டு பேருடைய முகத்துக்காக எரித்தார். அதனால்தான் நாங்கள் தப்பினோம் என்று இன்றைக்கும் நம்புகிறார். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

“விளங்கப்படுத்த வெளிக்கிட்டால்தான் சந்தேகம் வரும், பிள்ளை. கேக்காத கேள்விக்கு மறுமொழி சொல்லாத.”

கணவருக்குச் சொல்லாமல் எதையும் செய்ய ஏலாது. ஞாயிற்றுக்கிழமை மாமி முன்னால் இதைக் கதைக்கவும் ஏலாது. ஆகவே அடுத்த நாள் அங்கே விடிகிற நேரம் பார்த்து அழைப்பு எடுத்தேன். தொலைபேசியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதலே ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தும், கடைசியில் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்: கந்தோருக்குக் கொடுக்க எடுத்த கடிதங்களில் பெரிய மாமியின் விஷயம் பிரச்சினையாகிவிட்டது என்று. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பிறகு “நான் பாக்கிறன்,” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கோப்பு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான்கு நாட்கள் வரவில்லை. துறைமுக வாசலில் யாரோ அவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வேலையில் ஒரு மாதிரிக்கு வேறு ஆளின் சீட்டை ஒட்டப் பார்த்து, கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்தேன். மகள் ஒவ்வொரு பின்னேரமும் மடிக்கணினிக்கு முன்னால் வந்து நின்று, “அப்பா ஏன் வரேல்ல?” என்று கேட்டாள். நான் சொன்ன பதில்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறாக இருந்தன. அவள் அதைக் கவனித்தாள்.

ஐந்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. “எல்லாம் அழிச்சிட்டன். கொம்பியூட்டர் வட்டையும் உடைச்சாச்சு. நீரும் எல்லாத்தையும் அழிச்சுவிடும்.”

சாதாரண தரம் படித்த காலத்தில் வரைந்த படம். அதையும் அழித்திருக்கிறார். என்னிடம் நான் கடைசியாக அனுப்பிய கோப்பு இருந்தது: நானூற்றுப் பன்னிரண்டாவது முறை. என் விரல் அழிக்கும் பொத்தானுக்குமேல் இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

6

ஏன் அழிக்கவில்லை? துணிவு என்று சொல்ல மாட்டேன். அழித்தால் எங்களிடம் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தேன்: ஒரு கல்யாண ஆல்பம், விமானச் சீட்டு இரண்டு, மின்வெட்டைப் பற்றி முப்பத்தெட்டுக் கடிதம். உண்மையை ஒளித்துவிட்டுப் பொய்யானவர்கள் போல நிற்பதைவிட, உண்மையைச் சொல்லிவிட்டு ஆபத்தானவர்கள் போல நிற்கலாம் என்று ஒரு நேரம் தோன்றும். குளித்துவிட்டு வருவதற்குள் அது மடத்தனம் என்று தோன்றும். இருபத்தாறாம் நாள்வரை அப்படியே போனது.

இருபத்தாறாம் நாள் எல்லாத் தாளையும் மாஸ்டரிடம் திருப்பிக் கொண்டுபோனேன். அவர் அடுத்த மூன்று நாளும் வேலைக்கு விடுப்பு எடுத்தார். மருமகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்க வைக்க, கதிரையை விட்டு எழும்பாமல் செய்து முடித்தார். நான் திரையில் தெரிந்த நிலப்படத்தைப் படமெடுத்து இணைத்தேன். விளையாட்டின் விதிகளையும், மாமிமாரின் பெயர்க் காரணத்தையும் விளக்கி இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஐந்து தடவை திருத்தினேன்.

மாஸ்டர் அதை வாசித்தார். “மூண்டு இடத்தில மன்னிப்புக் கேட்டிருக்கிறீங்கள். என்ன குற்றத்துக்கு?”

இரண்டை எடுத்தேன். ஒன்றை விட்டேன்.

அனுப்பிய பிறகுதான் கணவருக்குச் சொன்னேன். நான் செய்த இரண்டாவது பிழை அதுவாக இருக்கலாம். “அனுப்பியாச்சுத்தானே,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தோளும் தெரியவில்லை. வேலை இருக்குது என்று மாமி சொன்னா.

டிசம்பரில், அவரைக் கொழும்பில் நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்களுக்குத் தெரிந்தவர்களில் யாரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டதில்லை. அப்பா கடிதத்தை வாசித்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் நடக்கப் போய்விட்டார்.

7

நேர்முகம் முடிந்து திரும்பும்போது பஸ் ஹபரணையில் நின்றது. அங்கேயிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் வேலைக்கு உடுத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்தது அதற்கு முன் இல்லை. பஸ் வெளிக்கிட்டு, கந்தளாய் தாண்டும்வரை கதைத்தார்.

அதிகாரி ஒரு பெண். பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். மேசையில் எங்கள் கடிதக் கட்டு. பல நிறத்தில் ஒட்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முழுவதையும் வாசித்திருக்கிறா. முதலாவதாக, அந்த விளையாட்டைக் காட்டுங்கள் என்றாவாம். இவர், அழித்துவிட்டேன் என்றிருக்கிறார்.

மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் அழித்தீர்கள் என்று கேட்டாவாம்.

நான் ஒரு கையில் மகளின் சப்பாத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். “என்ன சொன்னீங்கள்?” என்றேன்.

“உள்ளதைச் சொன்னனான். நான் திருகோணமலையில பிறந்தனான், மிஸ், எங்களுக்கு முதல்ல அழிக்கத்தான் வரும், பிறகுதான் யோசிப்பம் எண்டு.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன் கொஞ்சம் நின்றாராம். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். நெடுநேரம் எழுதினாவாம். இவர் மனதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவெடுத்து, திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாராம்.

பிறகு அவ என் கடிதத்தை எடுத்திருக்கிறா. உங்கள் மனைவி எழுதியிருக்கிறபடி, அந்த ஒரு கட்டத்தில் மூன்று முறை நின்றால் ஆட்டம் முடிகிறது. இந்த மின்னஞ்சல்களின்படி அறுபதாவது முறையிலேயே நீங்கள் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறீர்கள். இப்போது நானூற்றுப் பன்னிரண்டு. ஏன் பிடிக்கவில்லை?

அவர் சொல்லிக்கொண்டு வந்தது அந்த இடத்தில் நின்றது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று.

“பிடிச்சா முடிஞ்சிடும்தானே,” என்றார். “முடிஞ்சால், விடிய எழும்பி உமக்கு என்னத்தை அனுப்பிறது? அப்பிடித்தான் சொன்னனான்.”

நானும் என் பக்கத்தில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். வழி திறந்திருந்த நாட்களில் வேண்டுமென்றே பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அவர் மெதுவாக விளையாடுகிற ஆள், அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் நான்தான் ஆட்டத்தை இழுத்து வைத்திருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். நான்கு வருடத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றை அவர் முன்பின் தெரியாத ஒரு அதிகாரிக்குச் சொல்லியிருக்கிறார். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, திகதியோடு ஒரு அரசாங்கக் கோப்பில் இருக்கிறது.

நேர்முகம் முடிந்து பதினேழாம் நாள், விசா ஒட்டக் கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மகளுக்கு, அப்பா விமானத்தில் வருவார், நீலமாக இருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. என் அப்பா அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தொலைபேசியை என்னிடம் தந்தார்.

“அவர் வந்து இறங்குமட்டும் ஒருதருக்கும் சொல்லாத, பிள்ளை. ஒண்டையும் எழுதவும் வேண்டாம்.”

பயணச்சீட்டு அடுத்த மாதத்துக்கு. அவர் இன்னும் வந்து இறங்கவில்லை. நான் எழுதிவிட்டேன்.